புது உழவின் நிறமும் நிழலும்: சைக்கிளில் போகிறவர் உழுத நிலத்தைப் படிப்பது எப்படி?

சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள் காலை, ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் சைக்கிளை மிதித்துப் போனால் இருபுறமும் நிலம் ஆளே மாறிக் கிடக்கும். முந்தின வாரம்வரை வெளிறி, சருகும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கிடந்த மேட்டாங்காடு (மழையை நம்பிய மேட்டுநிலம்) இப்போது செக்கச்செவேலென்று எழும்பி நிற்கும். ஒரு செடிகூட இல்லை. விதைப்புக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. ஆனாலும் கண் அதைவிட்டு நகராது.

இங்கே பலருக்கும் இரண்டு கேள்விகள் வருகின்றன. விதைக்காத நிலத்தை இந்த வெயிலில் ஏன் உழுகிறார்கள், அதற்கு அரசு ஏன் மானியம்கூடத் தருகிறது என்பது ஒன்று. காலையில் அத்தனை அழகாக இருந்த வயல், பத்து மணிக்குத் திரும்பி வரும்போது ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை மண்ணில்தான் இருக்கிறது. உழுத நிலத்தில் கண்ணை இழுக்கும் ஒவ்வொன்றும் அந்த மண்ணின் நிலையைச் சொல்கிறது. சில நல்ல சேதி, சில கெட்ட சேதி. அழகாகத் தெரிவதெல்லாம் நல்ல உழவு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

## முதலில் சில சொற்களும் கணக்கும்

கலப்பையில் மண்ணைக் கிழிக்கும் இரும்பு நுனி கொழு. கொழு போன வழியில் விழும் பள்ளம் சால். படைச்சால் என்றும் சொல்வதுண்டு. பெயர்ந்து விழுவது கட்டி. கட்டியை உடைத்துச் சமன்செய்ய இழுக்கும் பலகை பரம்பு. வயலைத் துண்டு துண்டாக வகுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி உழும்போது, அப்படி வகுத்த ஒரு துண்டு விளா. உழுவதற்கு ஏற்ற ஈரநிலை பதம்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதை 15 செ.மீ. ஆழம் உழுதால் புரள்வது ஏறக்குறைய 600 கன மீட்டர் மண். எடை 850 டன்னுக்குப் பக்கம். அவ்வளவு மண்ணையும் பெயர்த்துப் போடும்போது துகள்களுக்கு இடையே காற்று புகுந்துவிடுவதால், நிலமட்டமே சில சென்டிமீட்டர் உயர்கிறது. உழுத வயல் வரப்பை நோக்கி எழும்பி நிற்பதுபோலத் தெரிவது மனப்பிரமை இல்லை.

மாட்டு ஏரில் சாலுக்குச் சால் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரை ஒரு தடவை உழ மாடுகளும் உழவரும் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 2 மீட்டர் அகலத்துக்கு உழும் டிராக்டருக்கு அதே வேலை 2 கிலோமீட்டர் ஓட்டம். மாட்டு ஏர் ஏன் அருகிப்போனது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

## நிறம்: ஏன் திடீரென்று ஆழமாகிறது

செம்மண்ணின் சிவப்பு ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. மணல் துகள்களின்மேல் மெல்லிய பூச்சாக அது படிந்திருக்கும். அளவு கொஞ்சம்தான், நிறமோ முழு நிலத்துக்கும் ஏறிவிடுகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பும் இதே பூச்சுதான்.

கரிசலின் கறுப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. கறுப்பாக இருக்கிறதே, மக்கு, அதாவது மக்கிய இலைதழைச் சத்து, நிறைய இருக்கும் என்று நினைப்பார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரக் கரிசலில் மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான். இருக்கிற கொஞ்ச மக்கும் களித் துகள்களோடு இறுகப் பிணைந்து மெல்லிய கறுப்புப் பூச்சாகப் பரவியிருக்கிறது. டைட்டானியம் கலந்த இரும்புத் தாதுவும் நிறத்துக்குத் துணை சேர்க்கிறது. ஆகவே கறுப்பை வைத்து வளத்தை அளக்க முடியாது.

உழுத அன்று நிறம் ஆழமாவதற்குக் காரணம் ஈரம். காய்ந்த மண்ணில் துகளுக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லைகளில் வெளிச்சம் பட்டுச் சிதறி, பெரும்பகுதி மேலே திரும்பி வந்துவிடும். ஈரமண்ணில் துகள்களைத் தண்ணீர்ப் படலம் போர்த்தியிருக்கிறது. உள்ளே போன வெளிச்சம் எளிதில் வெளியேற முடியாமல் படலத்துக்குள்ளேயே எதிரொளித்து மறுபடி மறுபடி துகளில் பட்டு உறிஞ்சப்படுகிறது. சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் 1925-இல் தந்த விளக்கம் இது. வெளிச்சம் துகளில் எத்தனை தடவை படுகிறதோ அத்தனை தடவை ஹேமடைட் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொள்வதால், திரும்பி வரும் சிவப்பு இன்னும் அடர்த்தியாகிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது. வெயிலில் மேல்மண் மணிக்கணக்கில் காய்ந்து வெளிறிக்கொண்டே போகும். காலை ஆறு மணிக்கு உழத் தொடங்கிய வயலை எட்டு மணிக்குப் பார்த்தால், ஒரு பக்கம் வெளிறியும் நடுவில் மங்கியும் டிராக்டர் நிற்கும் பக்கம் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். உழவு எங்கே தொடங்கியது, எந்தத் திசையில் நகர்கிறது என்பது நிறத்திலேயே எழுதியிருக்கும். வயல் முழுக்க வேறெங்கும் இல்லாமல் ஒரு திட்டு மட்டும் மறுநாளும் அடர்ந்த நிறத்தோடு இருந்தால், அங்கே தாழ்வு இருக்கிறது அல்லது களி அதிகம்.

## நிழல்: காலை ஏழு மணி ரகசியம்

உழுத நிலத்தின் அழகில் பாதி நிழல். கணக்குப் போட்டால் தெளிவாகப் புரியும். சித்திரையில் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில், அதாவது ஏழு மணி வாக்கில், 15 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது 15 செ.மீ. உயரக் கட்டி ஒன்றின் நிழல் 56 செ.மீ. நீளும். ஒன்பது மணி வாக்கில் அதே கட்டிக்கு நிழல் 17 செ.மீ. பதினோரு மணிக்கு 5 செ.மீ. அளவுதான் இருக்கும். ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில் திருச்சி, கோவை அட்சரேகையில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் குச்சி நட்டுக் காட்டுகிறார்களே, அதுதான். அந்த வேளையில் எவ்வளவு அருமையான உழவும் தட்டையாக, உயிரில்லாமல் தெரியும். மண் மாறவில்லை, நிழல் போய்விட்டது.

போகும் திசையும் முக்கியம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகும் சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே செல்கிறது. காலையில் அந்த வழியே போனால் சூரியன் எதிரே. கட்டிகளின் நிழல் விழுந்த பக்கம் நம்மைப் பார்த்திருப்பதால் கரிசல் மையாகக் கறுத்து, கட்டி கட்டியாகத் துருத்தித் தெரியும். வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் அதே நிலம் சாம்பல் நிறத்தில் வெளிறிப்போயிருக்கும். ஒவ்வொரு கட்டியும் தன் நிழலைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொள்வதால் வெளிச்சம் பட்ட முகம் மட்டுமே கண்ணுக்கு வருகிறது. வெயில் பக்கவாட்டில் விழ, சால் அதற்குக் குறுக்கே ஓடினால் மேடும் பள்ளமும் மிகத் துல்லியமாகத் தெரியும். தெற்கு வடக்காகப் போகும் சாலைகளில், சாலையோடு இணையாக உழுத வயல்களில் காலையும் மாலையும் இது வாய்க்கும்.

## சைக்கிளில் போனால் மட்டும் தெரிவது

டிராக்டர் இழுக்கும், ஒன்பது கொழு உள்ள ‘ஒன்பது கலப்பை’யில் கொழுவுக்குக் கொழு சுமார் 22.5 செ.மீ. இடைவெளி. சாலைக்குக் குறுக்கே உழுத வயலைக் கடக்கும்போது, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளுக்கு வினாடிக்கு 18 சால்கள் கடந்துபோகும். கண்ணால் பிடிக்க முடிந்த வேகம் அது. மணிக்கு 60 கி.மீ. போகும் காரில் வினாடிக்கு 74 சால்கள். பக்கத்துச் சால்கள் கலங்கி ஒரே பட்டையாகிவிடும்.

சைக்கிளில் போகும்போது சால்கள் விசிறி விரிவதுபோலச் சுழலும். இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகக் கண் காண்கிறது. நாம் நகர நகர, அருகிலிருக்கும் முனை வேகமாகவும் தொலைவு முனை மெல்லவும் நகர்வதால் சக்கரத்துக் கம்பிபோல் மொத்த வயலும் சுற்றுகிறது. சுழற்சி ஓரிடத்தில் தடுமாறினால் கவனிக்க வேண்டும். அங்கே கோடு வளைந்திருக்கிறது: கிணற்றைச் சுற்றியோ, பனைமரத்தை விட்டோ, மேட்டுச் சரிவை ஒட்டியோ உழுதிருப்பார்கள்.

## கோடுகளைப் பார்த்துக் கலப்பையைச் சொல்வது

1. மரக்கலப்பை அல்லது இரும்பு நாட்டுக் கலப்பை: ஆங்கில வி எழுத்து வடிவச் சால். மண்ணைப் புரட்டாது, கிழித்து இருபுறமும் ஒதுக்கும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் முதுகாக எஞ்சும். அதனால்தான் முதல் உழவுக்குக் குறுக்கே இரண்டாவது உழவு கட்டாயம். கட்டம் போட்டாற்போல் தெரியும் சின்ன வயல்கள் இந்த வகை.

2. ஒன்பது கலப்பை: ஆழம் 10 முதல் 15 செ.மீ. நெருக்கமான, சீப்பு வாரியது போன்ற கோடுகள். தூரத்தில் அழகு, ஆனால் மேல்மண்ணைக் கிளறிவிடும் வேலைதான், ஆழ உழவு ஆகாது. ஐந்து கலப்பையில் கொழுக்கள் எண்ணிக்கையில் குறைவு, இடைவெளி அதிகம். இன்னும் ஆழமாக இறங்கும், கட்டியும் பெரிதாக விழும்.

3. சட்டிக் கலப்பை: குழிந்த இரும்புத் தட்டுகள் சுழன்று மண்ணை வெட்டிப் புரட்டும். 20 செ.மீ.க்கு மேலும் இறங்கும். அலை அலையாக, ஒரே பக்கம் சாய்ந்த வரிசைகள் தெரியும். அடிமண் மேலே வருவதால் வயலின் நிறமே மாறும். செம்மண்ணில் வெண்மையான சுக்கான் (சுண்ணாம்புக்கல்) துண்டுகள் மேலே வந்து கிடந்தால் உழவு அடிமண் வரை போயிருக்கிறது என்று பொருள்.

4. இறக்கைக் கலப்பை: மண் பாளத்தை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்க்கும். சருகு, புல் எல்லாம் உள்ளே போய், சுத்தமான மண்முகம் வெளியே.

5. ரோட்டவேட்டர்: சுழலும் வளைகத்திகள் மண்ணை அரைத்துவிடும். கோடே இராது. போர்வை விரித்ததுபோல் ஒரே சீர்.

ஐந்தாவது வகையைப் பார்த்ததும் ‘எவ்வளவு நேர்த்தி’ என்று தோன்றும். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து.

## வெறும் நிலத்தை ஏன் உழுகிறார்கள்

சித்திரை முதல் நாள், ஆண்டின் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டுவது தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. ‘சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சும்மா சொல்லவில்லை. அதற்குப் பின்னால் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை தண்ணீர் பிடிப்பது. ஓர் ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழுவது ஒரு லட்சம் லிட்டர். இறுகிக் கிடக்கும் தரிசில் அதில் பெரும்பங்கு ஓடையைத் தேடி ஓடிவிடும். கட்டியும் குழியுமாகக் கிடக்கும் நிலத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு சின்னக் குளம். தண்ணீர் நின்று, நிதானமாக இறங்கும்.

இரண்டாவது, பூச்சி. நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு கோடை முழுக்கக் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் உறங்கிக்கிடந்து, மழை வந்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வரும். 2018 முதல் நம் மக்காச்சோளத்தை வாட்டும் படைப்புழுவும் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில்தான் கழிக்கிறது. உழவு இவற்றை மேலே தூக்கிப் போடுகிறது. 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் மேல்மண்ணிலும் பறவை அலகிலும் அவற்றின் கதை முடிகிறது. டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டி நடப்பதும், மைனாக்கள் மொய்ப்பதும், இரட்டைவால் குருவி கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து திரும்புவதும் இதற்காக. கொக்கு எவ்வளவு கூட்டமாக நிற்கிறதோ அவ்வளவு உயிர் அந்த மண்ணில் இருக்கிறது. பூச்சியை மட்டும் தின்னவில்லை, மண்புழுவையும் சேர்த்துத்தான் தின்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, களை. கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் வெளியே வந்து காய வேண்டும். இதற்கு நல்ல வெயில் அவசியம். உழுத மறுநாளே மழை பிடித்துக்கொண்டால், வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக முளைத்து, இருந்ததைவிட மோசமாகிவிடும்.

உழுத உடனே வரும் மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் இதைச் சுரக்கின்றன; 1965-இல் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வாசனை தூக்கலாக வந்தால் அங்கே நுண்ணுயிர் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. உழும் வயலைக் கடந்தும் வெறும் தூசி நெடி மட்டுமே வந்தால் பதம் தப்பி, காய்ந்த மண்ணை உழுகிறார்கள்.

## பளபளப்பு ஓர் எச்சரிக்கை

இனி கெட்ட சேதிகளுக்கு வருவோம். கரிசலில் சில நாள், சாலின் பக்கங்கள் எண்ணெய் பூசியதுபோல் மின்னும். காலை வெயிலில் அந்த மினுமினுப்பைப் போல் அழகான காட்சி குறைவு. ஆனால் அது ஈரம் மிஞ்சிய நிலையில் உழுததன் அடையாளம். களிமண் பிசையும் பதத்தில் இருக்கும்போது கொழு அதை உடைக்காமல் கொத்தனாரின் கரணைபோல் இழைத்துவிடுகிறது. இழைத்த முகத்தில் நுண்துளைகள் அடைபட்டுவிடும். காய்ந்ததும் செங்கல்போல் இறுகும். அந்தக் கட்டியை அடுத்த மழைதான் உடைக்க முடியும்.

பதம் பார்க்க உழவர் செய்யும் சோதனை எளிது:

1. மேல்மண்ணை நம்பக் கூடாது. உழவு ஆழத்திலிருந்து, அதாவது 10 முதல் 15 செ.மீ. கீழிருந்து ஒரு பிடி மண் எடுக்க வேண்டும்.

2. உருண்டை பிடிக்க வேண்டும். உருண்டையே பிடிக்க வராமல் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

3. உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். பொலபொலவென்று உடைந்தால் பதம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் பொறுக்க வேண்டும்.

4. சந்தேகமானால், உள்ளங்கையில் உருட்டித் திரிக்க வேண்டும். 3 மி.மீ. தடிமனில் உடையாத திரி வந்தால் உழக் கூடாது.

செம்மண்ணுக்கு மழை விட்டு ஒன்றிரண்டு நாளிலேயே பதம் வந்துவிடும். கரிசலுக்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். வந்த பதமும் சீக்கிரம் தப்பிவிடும். முன்னே போனால் இழைப்பு, பின்னே போனால் பாறை. ஊரில் எல்லாருக்கும் அதே இரண்டு நாளில்தான் உழவு, இருப்பதோ நாலைந்து வாடகை டிராக்டர்கள். பதம் தப்பிய உழவை உழவரின் அறியாமை என்று சொல்வது பெரும்பாலும் அநியாயம். வண்டி வந்த நாள்தான் அவருக்கு உழவு நாள்.

## நேர்த்தியான வயல் ஏன் முதல் மழையில் தோற்கிறது

ரோட்டவேட்டர் அரைத்த நிலம் கண்ணுக்கு மெத்தை. பாத்தி கட்டி உடனே விதைக்கப்போகிற தோட்டத்துக்கு அது பொருத்தமும்கூட. கோடை உழவாக அதைச் செய்தால்தான் பிரச்சினை.

பெரிய மழைத்துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. கட்டியில் விழுந்தால் கட்டி கரைந்து குழியில் சேரும், அதற்கு நேரமாகும். மாவில் விழுந்தால் துகள்கள் தெறித்து, இடைவெளிகளை உடனே அடைத்துவிடுகின்றன. சில மி.மீ. கனத்தில் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். செம்மண்ணில் இது இன்னும் தீவிரம். பிறகு பெய்யும் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல் ஓடும். சாலையோர ஓடையில் மழைத்தண்ணீர் தேநீர் நிறத்தில் போனால், மேலே எங்கோ இப்படி ஒரு வயல் இருக்கிறது.

மழை வராவிட்டால் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று மாவான மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. பறப்பது மிக நுண்ணிய துகள். சத்து அதில்தான் இருக்கிறது. ஆகவே, கரடுமுரடாக, பார்வைக்கு அலங்கோலமாகக் கிடக்கும் கட்டி வயல்தான் கோடைக்குச் சரியான வயல். அந்த அலங்கோலத்தையும் ரசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுதால் இன்னொரு கேடு. உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் அமுங்கி, தட்டாக இறுகிவிடும். ரோட்டவேட்டரின் கத்தி 10, 12 செ.மீ.யிலேயே நின்றுவிடுவதால் தட்டும் மேலேயே உருவாகிறது. சாலையிலிருந்து இதைக் கண்டுபிடிக்கலாம்: மழை விட்டு இரண்டு நாளான பிறகும் வயலில் திட்டுத் திட்டாகத் தண்ணீர் நிற்கும். மருந்து, தட்டை உடைக்கும்படி ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கீற வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடைசி உழவுக்கு முன் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுஉரம் இடவும் அது சொல்கிறது, அதாவது ஏக்கருக்கு 5 டன். தொழுஉரம் போடாமல் உழுதுகொண்டே இருந்தால், உழவால் மண்ணுக்குள் புகும் காற்று இருக்கிற மக்கையும் எரித்துத் தீர்த்துவிடும்.

## சரிவில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது

சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி வரப்பு. சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். இதெல்லாம் உழவருக்குத் தெரியாததில்லை. பிறகு ஏன் சரிவோடு உழுத வயல்கள் இத்தனை கண்ணில் படுகின்றன?

பாகப்பிரிவினையில் நிலம் நீளவாக்கில் பிரிகிறது. சாலைப் பாதை எல்லாருக்கும் வேண்டுமே. 20 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம் உள்ள ஒரு ஏக்கர்த் துண்டை 2 மீட்டர் கலப்பையால் நீளவாக்கில் உழ 10 ஓட்டம் போதும். குறுக்கே உழ 100 ஓட்டம். ஒரு தடவை திரும்ப 15 வினாடி என்றால், திரும்புவதற்கு மட்டுமே 25 நிமிடம். வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது அந்த 25 நிமிடத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். நீளம் சரிவோடு அமைந்துவிட்டால், கோடும் சரிவோடு போகிறது. சாலையிலிருந்து பார்க்கும்போது மலைச்சரிவில் நேர்நேராக இறங்கும் அந்தக் கோடுகள் ஓவியம்போல் இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் விரல் விரலாக அரிப்பு தெரியும்.

## தஞ்சைப் பக்கம் வேறு கதை

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால், பாபநாசம், கும்பகோணம் சாலைகளில் வயல்கள் கண்ணாடியாகும். அது சேற்றுழவு. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தண்ணீரோடு மண்ணைக் குழப்பித் தொளியாக்குகிறது, பிறகு பரம்படிக்கிறார்கள். மேட்டாங்காட்டில் எதையெல்லாம் கேடு என்றோமோ அதையெல்லாம் இங்கே வேண்டுமென்றே செய்கிறார்கள். துளைகளை அடைத்து, அடியில் தட்டு உருவாக்கினால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் நாற்றுக்கு நிற்கும்.

வானம் அதில் தெரிவதற்கும் கணக்கு உண்டு. தண்ணீரை நேர்மேலிருந்து பார்த்தால் அது 2 சதவீத வெளிச்சத்தைத்தான் எதிரொளிக்கும். அடியிலுள்ள சேறுதான் தெரியும். சைக்கிளில் இருப்பவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 30 மீட்டர் தள்ளியிருக்கும் வயல் 3 பாகைச் சாய்வில் தெரிகிறது. அந்தச் சாய்வில் பாதிக்கு மேல் வெளிச்சம் திரும்பி வந்துவிடும். எனவே பக்கத்து வயல் சேறாகவும் அடுத்த வயல் வானமாகவும் தெரிகிறது. காற்றடித்தால் கலைந்துவிடும் என்பதால் விடிந்த முதல் ஒரு மணி நேரமே உகந்தது. கண்ணாடியில் அங்கங்கே மண்திட்டு துருத்தினால் பரம்பு சரியாகப் போகவில்லை. அந்தத் திட்டில் தண்ணீர் நிற்காது, களை முளைக்கும்.

## போகிறவர்கள் கவனிக்க

உழவு நாளில் டிராக்டர் டயரிலிருந்து உதிரும் மண் சாலையில் கட்டியாகக் கிடக்கும். செம்மண் காய்ந்ததும் தூளாகிவிடும். கரிசல் அப்படியில்லை, ஈரமாக இருந்தால் சோப்புபோல் வழுக்கும். வளைவில் பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும். கரிசல் வண்டிப்பாதையில் மழை விட்ட மறுநாள் இறங்கவே கூடாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, நூறு மீட்டருக்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் சுரண்டிவிட்டுத் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

வரப்போரம் நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் உண்டு. சைக்கிளைத் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது டியூபுக்கு நல்லது. உழுத மண்ணில் காலை வைக்க வேண்டாம். பொலபொலவென்று கிடக்கும் மண் மிதித்த இடத்தில் அமுங்கிப்போகும். இன்னொரு காரணமும் உண்டு. கோடைதான் ஆட்காட்டிக் குருவி முட்டையிடும் காலம். கூடு எதுவும் கட்டாது, வெறும் தரையில் மூன்று நான்கு முட்டை, நிறமும் புள்ளியும் மண்கட்டியைப் போலவே. தலைக்குமேல் அது கத்திக்கொண்டே வட்டமிட்டால், முட்டை பக்கத்தில் எங்கோ இருக்கிறது; வந்த வழியே காலடி பார்த்துப் பின்வாங்கிவிட வேண்டும்.